பத்தாவது கையெழுத்து

கோமதிசங்கருக்கு ஆபீசில் ஒரு நல்ல பெயர் உண்டு. பொய் சொல்ல மாட்டான் என்பதுதான் அது. அதற்காக அவன் பெரிதாக மெனக்கெட்டதெல்லாம் இல்லை. இந்த வருஷம் போனஸ் வருமா என்று யாராவது கேட்டால், வராதென்றால் வராது என்று சொல்லிவிடுவான். மற்றவர்கள் 'பாப்போம், பாப்போம்' என்று மழுப்புகிற இடத்தில் மழுப்பாமல் நின்றதால் வந்த பெயர். பத்து வருஷமாகச் சேர்ந்த அந்தப் பெயரை அவன் ஒரே ஒரு தடவைதான் எடுத்துச் செலவழித்தான். அது நாறும்பூநாதனிடம்.

நாறும்பூநாதன் ஆபீஸ் வேன் டிரைவர். ஐம்பத்திரண்டு வயது. அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களைத் தென்காசிக்கு வெளியே ஒரு இரண்டு மாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிற கம்பெனி அது. காலையில் குற்றாலத்தில் தொடங்கி, இலஞ்சி, மேலகரம், தென்காசி, சுந்தரபாண்டியபுரம் என்று சுற்றிப் பதினான்கு பேரை அள்ளிக்கொண்டு வந்து இறக்குவார். பதினோரு வருஷத்தில் வேனில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதனால் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். ஆபீசில் யார் ஸ்கூட்டி வாங்கினாலும் முதலில் அவர்தான் ஓட்டித் தர வேண்டும். ஆளுக்கு ஆள் ஒரு பெயர் வைத்திருந்த ஆபீஸ்.

ஜனவரியில் மேனேஜர் ஜெபசிங் ஒரு திட்டம் கொண்டுவந்தார். மின்சாரக் கார். ரொக்கமாக ஒன்றும் தர வேண்டாம், பேங்கில் கடனும் வேண்டாம். குத்தகைக் கம்பெனி ஒன்று காரை வாங்கிக் கொடுக்கும். மாதா மாதம் சம்பளத்தில் வரி போடுவதற்கு முன்னாடியே வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அதிலேயே அடக்கம். நாலு வருஷம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம், பிடித்திருந்தால் மிச்ச விலையைக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, ஆபீசிலிருந்து பத்துப் பேர் சேர வேண்டும். ஒன்பது பேர் என்றால் அந்த விலைக்குக் கிடைக்காது.

ஆள் சேர்க்கிற வேலை கோமதிசங்கர் தலையில் விழுந்தது. நிர்வாகப் பிரிவில் அவன்தானே இருக்கிறான். அவன் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள் என்பது ஜெபசிங்குக்கும் தெரியும்.

வீட்டில் இராமலட்சுமியிடம் சொன்னபோது அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அப்போ வண்டி நம்ம பேர்ல இல்லையா?"

"அந்தக் கம்பெனி பேர்ல இருக்கும். ஓட்டுறது நாம."

"அடுத்தவன் வண்டிக்கு நாம எதுக்கு மாசா மாசம் அழணும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவனுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. வரியில் கொஞ்சம் மிச்சம், மொத்தமாக எடுப்பதால் விலையில் கொஞ்சம் மிச்சம், பெட்ரோல் செலவு போச்சு என்று தாளில் எழுதிக் காட்டினான். உண்மையான காரணத்தை எழுதிக் காட்டவில்லை. அது மதுரையில் இருந்தது. இராமலட்சுமியின் அக்கா வீட்டுக்காரர், கோமதிசங்கரின் சகலை. ஒவ்வொரு வருஷமும் சாரல் தொடங்கினால் பெரிய காரில் வந்து இறங்குவார். 'ஏறுங்க சங்கர், அருவிக்குப் போவோம்' என்று இவர்களைப் பின்சீட்டில் திணிப்பார். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சியில் குடியிருக்கிறவனை மதுரைக்காரர் அருவிக்கு அழைத்துப் போகிறார்! பதினோரு வருஷமாக அவன் மடியில் டவல் பையை வைத்துக்கொண்டு அந்தக் காரில் போயிருக்கிறான். ஒரே ஒரு வருஷமாவது சகலையைப் பின்சீட்டில் உட்கார வைக்க வேண்டும். சின்ன ஆசைதான். ஆனால் ஆளை ஆட்டிவைக்க அது போதும்.

ஏப்ரலுக்குள் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நாலு வருஷம் வேலையை விட முடியாதே, விட்டால் அபராதம் கட்ட வேண்டுமே என்று கோமதிசங்கர்தான் தயங்கிக்கொண்டிருந்தான். ஜெபசிங் அவனை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பத்தாவது நீங்களே போட்டுருங்க. இன்னொண்ணு, இது வெளிய போகக்கூடாது. பத்துப் பேரும் கார்ல வந்தா வேன்ல மிச்சம் நாலு பேரு. நாலு பேருக்கு ஒரு வேனான்னு சென்னை ஹெட் ஆபீசுல கேக்காங்க. ஜூன் கடைசியோட வேன நிறுத்தப் போறோம். நாலு பேரையும் கார்க்காரங்க ஏத்திட்டு வந்துரட்டும். இப்பவே வெளிய தெரிஞ்சா அந்த நாலு பேரும் கொடி பிடிப்பாங்க, பாவம் பாத்து கார்க்காரங்க ரெண்டு பேரு பின்வாங்குவாங்க, பத்து எட்டாயிரும்."

"டிரைவர் அண்ணாச்சி?"

"ஒரு மாசச் சம்பளம் கூடப் போட்டுக் குடுப்போம்ல."

கோமதிசங்கர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினான். பிறகு கையெழுத்துப் போட்டான். தெரிந்தேதான் போட்டான். பத்தாவது கையெழுத்து விழுந்து பத்து நாளுக்குள் யாருக்கு மனம் மாறினாலும் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று தாளின் அடியில் அச்சடித்திருந்தது. அதையும் படித்தான்.

ஆறாவது நாள், சனிக்கிழமை மதியம். ஆபீஸ் முற்றத்தில் குழாயடியில் வேனைக் கழுவிக்கொண்டிருந்த நாறும்பூநாதன், அவனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சார், ஒரு யோசனை கேக்கணும். கடையத்துல ஒரு ஸ்கூல்ல பஸ் ஓட்டக் கூப்பிடுதாவ. சம்பளம் இங்கன விட ஆயிரம் ரூவா கம்மிதான். ஆனா நிரந்தரம்ங்காவ, பி.எஃப் பிடிப்போம்ங்காவ. வீட்ல போங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கா. திங்கக்கிழமை பதில் சொல்லணும். இங்க எல்லாரும் கார் எடுக்கிய, வேன் ஓடுமா சார்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. உங்ககிட்ட கேட்டாத்தான் நெசம் தெரியும்."

உண்மையைச் சொன்னால் அவர் சாயங்காலமே வேனில் சொல்லிவிடுவார். கார் எடுக்காத நாலு பேரில் ஒருத்தி, சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வருகிற பெர்சிஸ், திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குள் போய்ச் சத்தம் போடுவாள். பத்து எட்டாகும். கார் போய்விடும். இத்தனையும் அவன் மனதில் ஓட ஒரு நொடிகூட ஆகவில்லை.

"வேன் எங்க போகப் போகுது அண்ணாச்சி? கார்ல வாரது பத்துப் பேரு. மத்தவங்க நடந்தா வருவாங்க? நீங்க தைரியமா இருங்க, ஓடும்."

அவர் முகம் அப்படியே தெளிந்தது. "இது போதும் சார்" என்றார். அவன் கண் முன்னாலேயே ஸ்கூலுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார். "எங்க சாரே சொல்லிட்டாவ" என்று அந்தப்பக்கம் இருந்தவரிடம் காரணம் வேறு சொன்னார். கோமதிசங்கர் அங்கேயே நின்று அதைக் கேட்டான். ஸ்கூல் திறக்க இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, அதற்குள் எப்படியாவது அவர் காதில் போட்டுவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டான். மனசாட்சிக்குத் தவணை சொல்வதில் நாம் எல்லோரும் கெட்டிக்காரர்கள்.

பத்து நாள் முடிந்தது. மே மாதம் ஒரு நல்ல நாள் பார்த்துப் பத்துக் கார்களும் இலஞ்சிக் கோயில் வாசலில் வரிசையாக வந்து நின்றன. எல்லோருமாகச் சேர்ந்து ஒரே முடிவு எடுத்திருந்தார்கள். பத்து வண்டியையும் முதலில் கைராசிக்காரர்தான் எடுக்க வேண்டும். வேறு யார் கையும் ஸ்டியரிங்கில் படக்கூடாது. இந்தப் பத்துக் கார்களால் யாருடைய பிழைப்பு போகப்போகிறதோ அவரையே கூப்பிட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றச் சொன்னார்கள். ஒன்பது பேருக்கு அது தெரியாது. பத்தாவது ஆளுக்குத் தெரியும்.

நாறும்பூநாதன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஒவ்வொரு காரிலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கியர் இல்லாத வண்டி என்பதால் முதல் காரில் ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டு, பிறகு சிரித்துக்கொண்டே பழகிவிட்டார். கடைசியாக கோமதிசங்கரின் கார். நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார்.

"சாருக்கு மட்டும் ஒரு தேங்காய் கூட உடைச்சேன்" என்றார். "நல்லா இருக்கணும்."

கோமதிசங்கர் சாவியை வாங்கிக்கொண்டான். அப்போது சொல்லியிருக்கலாம். ஸ்கூலில் இடம் காலியாக இருந்திருக்கவும் கூடும். ஆனால் மாலை போட்ட கார் பக்கத்தில் நிற்கிறது, இராமலட்சுமி போட்டோ எடுக்கிறாள், ஜெபசிங் கேசரி கொடுக்கிறார். அந்த இடத்தில் எந்த மனுஷன் சொல்வான் என்று அவன் பிற்பாடு தன்னையே கேட்டுக்கொண்டான். சொல்கிறவன் சொல்லியிருப்பான் என்றுதான் பதில் வந்தது.

ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை நாறும்பூநாதனுக்கு ஒரு சால்வை போர்த்தி, கவரைக் கையில் கொடுத்து, வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர் சால்வையோடு நேரே கோமதிசங்கரின் மேசைக்கு வந்தார். அவன் எழுந்து நின்றான். திட்டப் போகிறார் என்று நினைத்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"நீங்க வருத்தப்படாதிய சார்" என்றார் அவர். "உங்களுக்கே தெரியாம முடிவு பண்ணிட்டாவளே. நீங்க என்ன செய்விய?"

கோமதிசங்கர் தலையை ஆட்டினான். வாயைத் திறக்காமலே இரண்டாவது பொய்யையும் சொல்லி முடித்தான்.

நாலு பேரை ஏற்றி வருவதாகச் சொன்ன கார்க்காரர்கள் இரண்டு வாரம் ஏற்றி வந்தார்கள். பிறகு ஒருவருக்குப் பிள்ளையை ஸ்கூலில் விட வேண்டியிருந்தது, இன்னொருவருக்கு வழி மாறியது. பெர்சிஸ் இரண்டு பஸ் மாறி வர ஆரம்பித்தாள். லேட்டாக வரும் நாளில் அவளுக்கு அரைநாள் லீவு போட வேண்டியது கோமதிசங்கரின் வேலை. போட்டான்.

ஜூலையில் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. மதுரையிலிருந்து சகலை குடும்பத்தோடு வந்தார். 'உங்க வண்டி நிக்கட்டும், நம்ம வண்டியில போவோம்' என்று கோமதிசங்கர் சொன்னான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் அவன் பதினோரு வருஷம் காத்திருந்தான். சகலை பின்சீட்டில் உட்கார்ந்து, "சத்தமே காணோமே சங்கர், ஓடுதா, இல்ல யாரும் பின்னாடி தள்ளுதாங்களா?" என்று கிண்டல் செய்தார். அவனுக்கு அதுகூட இனிப்பாகத்தான் இருந்தது.

குற்றாலத்துக்குள் நுழைந்ததும் கூட்டம். கார்கள் ஊர்ந்தன. இரண்டு பக்கமும் லாட்ஜ் ஆட்கள் கையில் அட்டையோடு காருக்குக் கார் ஓடினார்கள். மழைக்கோட்டு மாட்டிய ஒருவர் இவன் காரோடு கூடவே ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ரூம் இருக்கு சார், எண்ணெய் தேய்க்க ஆள் இருக்கு, பார்க்கிங் ப்ரீ சார்..."

கண்ணாடி இறங்கியதும் பேச்சு நின்றது. நாறும்பூநாதன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது. ஐம்பத்திரண்டு வயதில் கார்களோடு ஓடினால் வாங்காதா?

"அட, சாரா!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "நேரே போய் இடப்பக்கம் திருப்புங்க, நம்ம லாட்ஜுல போடலாம். முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்." சொல்லிவிட்டு அவர் முன்னால் ஓடி, மற்ற கார்களை நிறுத்தி, இவனுக்கு வழி பண்ணிக் கொடுத்தார்.

"யார் இது?" என்று சகலை கேட்டார். "உங்களுக்கு இங்க நல்ல செல்வாக்கா இருக்கே!"

கோமதிசங்கர் காரை இடப்பக்கம் திருப்பி லாட்ஜ் முன்னால் நிறுத்தினான். எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பினார்கள். எனக்குத் தலை வலிக்கிறது, நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். இராமலட்சுமி அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். நாறும்பூநாதன் அதற்குள் லாட்ஜ் வராந்தாவிலிருந்து ஒயரை இழுத்துவந்து, "சார்ஜ் போட்டுக்கிடுங்க சார், கரண்டுக்கு இங்கன காசு கிடையாது" என்றார். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, உள்ள வந்து உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

"சீட்டு நனைஞ்சிரும் சார்."

"நனையட்டும். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கோமதிசங்கர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னைக்கு நீங்க ஸ்கூல் வேலையைப் பத்திக் கேட்டீங்கல்லா? வேன் நிக்கப் போகுதுன்னு அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஓடும்னு சொன்னேன். நெசத்தைச் சொன்னா இந்தக் கார் கிடைக்காமப் போயிரும்னு பயம்."

நாறும்பூநாதனுக்கு முதலில் விளங்கவில்லை. "மேனேஜர் சொல்லச் சொன்னாரோ?" என்று கேட்டார். அப்போதும் அவன் தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்து வைக்கத்தான் பார்த்தார்.

"வெளிய சொல்லாதேன்னுதான் சொன்னாரு. ஓடும்னு சொன்னது நான்தான்."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலை போன அன்னைக்கு வீட்ல சொன்னா சார். உங்க சாருக்குத் தெரியாம இருக்காது, தெரிஞ்சுதான் உங்களை இருக்க வச்சிருக்காருன்னா. அவரப் பத்தி அப்படிப் பேசாதட்டின்னேன். அவ விடல. நான் கையை நீட்டிட்டேன். இருவத்தாறு வருசத்துல அவ மேல ஒரு விரல் பட்டதில்ல. உங்களுக்காகப் போய் அவளை அடிச்சிட்டேன்."

கோமதிசங்கர் உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போனான். வேலை போனது வரைக்கும்தான் அவன் கணக்கில் இருந்தது. இப்படி ஒன்று நடந்திருக்கும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

"மூணு வாரமா எங்கிட்ட பேசமாட்டேங்கா. சோறு போடுதா, பேசமாட்டேங்கா" என்றார் அவர். பிறகு திரும்பினார். "ஒயரைக் கழத்துங்க சார். வண்டிய எடுங்க. எங்கிட்ட சொன்னதை அப்படியே வந்து அவகிட்ட சொல்லுங்க."

"இப்பவா? அவங்க எல்லாம் குளிச்சிட்டு..."

நாறும்பூநாதன் அவனைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு பாதியில் நின்றது. கோமதிசங்கர் இறங்கிப்போய் ஒயரைக் கழற்றினான்.

மேலகரத்தில் நாறும்பூநாதன் வீட்டுத் தெரு குறுகலானது. காரை முக்கிலேயே நிறுத்திவிட்டுத் தூறலில் நடந்தார்கள். அவர் மனைவி வடிவம்மாள் வாசலை ஒட்டிய அறையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். புருஷனோடு ஆபீஸ் சார் வருவதைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். நாறும்பூநாதன் "நீ இரு" என்றார். அவனிடம், "சொல்லுங்க சார்" என்றார்.

நின்றபடியே சொன்னான். காரில் சொன்னதை விட இங்கே சொல்வது கடினமாக இருந்தது. கார், பத்துப் பேர், பத்து நாள் அவகாசம், ஓடும் என்று சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். "என்னாலதான் உங்க மேல அடி விழுந்தது. மன்னிச்சிருங்கக்கா" என்று கும்பிட்டான். சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது. வடிவம்மாள் இலையை உருட்டுவதை நிறுத்தவில்லை. நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அந்தப் பீடியைச் சுளகில் வைத்த பிறகுதான் நிமிர்ந்தாள். முதலில் புருஷனைப் பார்த்தாள்.

"கேட்டியளா?" என்றாள். மூன்று வாரத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுவாக இருக்க வேண்டும். நாறும்பூநாதன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"அழாதிய சார்" என்றாள் அவனிடம். குரலில் கோபம் இல்லை. "ஸ்கூல்ல வேற ஆளு வந்தாச்சு. வாங்குன அடியையும் திருப்பிக் குடுக்க முடியாது. ஒண்ணே ஒண்ணு எனக்குப் புரியலை, அதை மட்டும் கேட்டுக்கிடுதேன். ஆபீஸ் ரகசியம், சொல்லக்கூடாது. சரி. உங்களுக்குக் காரும் வேணும். அதுவும் சரி, யாருக்குத்தான் ஆசை இல்ல? இவரு வந்து கேட்டப்ப, எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சின்னு சொல்லியிருக்கலாம்லா? தெரியாதுன்னு ஒரு வார்த்தை. சாருக்கே தெரியலையாம்னு இவரு பயந்துபோய் அந்த வேலைக்குப் போயிருப்பாரு. உங்களுக்கும் கார் வந்திருக்கும்."

இந்த மூன்று மாதத்தில் கோமதிசங்கர் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்திருக்கிறான். உண்மையைச் சொல்லியிருக்கலாம், கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கலாம், பத்து நாளுக்குள் வாபஸ் வாங்கியிருக்கலாம் என்று. ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒன்றை இழக்க வேண்டியிருந்தது. அதனால்தான் முடியவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதற்கு ஒரு பைசா இழப்பில்லை. பொய்யாகவே இருந்தாலும் அந்தப் பொய் அவரைக் காப்பாற்றியிருக்கும். சட்டைப்பையில் போன் அடித்தது. சகலையாக இருக்கும். அவன் அதை எடுக்கவில்லை.

"தோணலைக்கா" என்றான்.

"எப்படித் தோணும்?" என்றாள் வடிவம்மாள். "இவருக்கு என்ன ஆகும்னு ஒரு நிமிசம் நினைச்சிருந்தால்லா தோணும்."

பிறகு அவள் அடுத்த இலையை எடுத்துத் தூளை வைத்தாள்.